தெரியாதவர்கள் தேவை

எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வருகிறவர்களிடம், உங்களுக்கு என்னென்ன தெரியாது என்றுதான் முதலில் விசாரிப்போம். ரஷ்யன் தெரியாதே? போலிஷ்? ஜெர்மன் கொஞ்சமாவது? எதுவும் தெரியாது என்று தலையாட்டினால் சந்தோஷமாக நாற்காலியைக் காட்டுவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், பஸ்ஸில் பொறுக்கிய இந்தி என்று நான்கு பாஷையைக் கலந்துகட்டிப் பேசுகிற ஊர் ஓசூர். இருந்தாலும் எங்களுக்கு வேண்டிய மாதிரி தெரியாதவர்களுக்கு இங்கே பஞ்சம் வந்ததில்லை.

பாகலூர் சாலையில் கீழே பேரிங் கடை, மேலே நாங்கள். இருபத்திரண்டு கணினிகள். வெளிநாட்டுப் பழைய ஏடுகளைப் பார்த்துக் கணினியில் அடித்துக் கொடுப்பது தொழில். அச்சடித்த எழுத்தையெல்லாம் இப்போது இயந்திரமே படித்துவிடுகிறது. கோழி கிளறிய மாதிரி யாராவது கையால் எழுதி வைத்திருந்தால் அது மட்டும் எங்களிடம் வரும். மூன்றரை வருடமாக எங்களுக்குச் சோறு போட்டது அப்படி ஒரு கையெழுத்துதான்.

ஐரோப்பாவில் ஒரு பேராசிரியர். நாற்பது வருடம் ஒரே வேலையைச் செய்துவிட்டுச் செத்துப்போனார். விட்டுப்போனது நாற்பத்தோராயிரம் அட்டைகள், பெட்டி பெட்டியாக இங்கே வந்து ஸ்கேன் ஆகித் திரும்பிப் போகும். ரஷ்யனும் போலிஷும் செர்பியனும் பல்கேரியனும் பிரிவதற்கு முன்னால் அவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு தாய்மொழி இருந்ததாம். அதில் எழுதிவைத்த வரி ஒன்றுகூட இன்று கிடையாது. பிள்ளைகளின் ஜாடையை வைத்து, போட்டோ எடுக்காமலே செத்துப்போன தாயின் முகத்தை வரைவது போல, பிள்ளை மொழிகளின் சொற்களை வைத்து அந்தத் தாய்மொழியின் சொற்களைக் கணக்குப்போட்டு எடுக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று அதற்கு அர்த்தம். அட்டையின் மேல்பாதியில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. கீழ்ப்பாதியில் ஒரு கட்டம். நமக்கு ஐ, ஆல், கு என்று இருப்பது போல அவர்களுக்கு ஏழு வேற்றுமை; ஒருமை, பன்மை போக இரண்டு பேருக்கென்று தனியாக இருமை. ஆக ஒரு சொல்லுக்கு இருபத்தொரு கட்டங்கள். எந்தக் கட்டம் எதற்கு என்று திரையில் தமிழில் தலைப்பு இருக்கும்.

ஒரே அட்டையை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்க்காமல், தனித்தனியாக அடிப்பார்கள். கணினி இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாத இடம் மட்டும் சிவப்பாக என்னிடம் வரும். நான் அட்டையைப் பார்த்து யார் சரி என்று தீர்ப்புச் சொல்வேன். இதற்குப் பெயர் டபுள் கீயிங். நான் யேசுராஜ். வாலிப வயதில் பாதிரியார் ஆவதற்காக நான்கு வருடம் குருமடத்தில் லத்தீன் படித்தேன். ஐந்தாம் வருடம் அவர்களும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, நானும் நிற்கவில்லை. லத்தீனை வைத்து ஓசூரில் வேறு என்ன செய்ய முடியும்? தீர்ப்புச் சொல்லும் நாற்காலி கிடைத்தது. அடிக்கிறவர்களுக்குத்தான் எதுவும் தெரியக்கூடாது. எனக்குக் கொஞ்சம் தெரியலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் விட்டிருந்தார்கள்.

அடிக்கிறவர்களுக்கு ஒரே சட்டம்: பார்த்ததை அடி. அட்டையில் தப்பாக இருந்தால் தப்பாகவே அடி. கறை இருந்தால் கறை என்று குறி. காலியாக இருந்தால் காலியாக விடு. மொழி தெரிந்தவன் கண்ணில் இருக்க வேண்டியது தெரியும், தெரியாதவன் கண்ணில் இருப்பது மட்டும்தான் தெரியும். இந்தத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே பெருமையாகப் பாடம் எடுத்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பூவம்மாளுக்கு முப்பத்தொன்பது வயது. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊரில் வாக்கப்பட்டவள். பிறந்த வீட்டில் தமிழ், புருஷன் முனிவேல் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டினாள். அந்த மிஷின் அவளுடைய இடது கையில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனி வாசலிலும் செக்யூரிட்டியைத் தாண்ட முடியவில்லை. இங்கே செல்போன் செய்கிற கம்பெனிகள் பத்தொன்பது, இருபது வயசுப் பெண்களைத்தான் ஹாஸ்டலோடு சேர்த்து எடுக்கிறார்கள். எட்டு விரலும் முப்பது தாண்டிய வயதுமாக ஒரு பெண் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இந்த மாவட்டத்தில் இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த எட்டு விரலை வைத்துக்கொண்டு அவள்தான் முதல் வேகம். இரண்டாவது லிபியா. சிஎஸ்ஐ கோயிலில் ஆர்கன் வாசிக்கிற பெண், இருபத்தேழு வயது, விரல் பழக்கம் அங்கிருந்து வந்தது. பூவம்மாள் முதல் பிரதி, லிபியா இரண்டாம் பிரதி என்று ஆரம்பத்திலிருந்தே ஜோடி. இவர்கள் அடித்ததில் எனக்குச் சிவப்பே வராது. நான் சும்மா உட்கார்ந்து டீ குடித்த நாட்கள் உண்டு. இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று அப்போது ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். டீ நன்றாக இருந்தது, யோசிக்கவில்லை.

மார்ச் மாதம் பேராசிரியரின் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் மாதிரிக்கு நூறு அட்டைகளை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது சரி. ஓர் அட்டையில் பேராசிரியர் காலியாக விட்ட கட்டத்தில் நாங்கள் ஒரு சொல்லை அடித்திருக்கிறோம். இரண்டு பிரதியிலும் அதே சொல், எழுத்துப் பிசகாமல். இல்லாததை இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரி பார்க்க முடியாது. ஆகவே ஒருவர் அடித்ததை இன்னொருவர் காப்பியடித்திருக்கிறார், விளக்கம் தேவை.

அந்த அட்டை 'ஸ்நுஹா'. மருமகள் என்று அர்த்தம். அந்த 'நு'வில் இருக்கும் உகரம் நம் குற்றியலுகரத்தைவிடவும் குறுகியது, பாதி விழுங்கிவிட வேண்டும். மூலக் குறிப்பை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஆதியில் இந்தச் சொல் ஆண்களைக் குறிக்கும் சொற்களைப் போல முடிந்ததாம். லத்தீனில் இன்றும் அப்படித்தான், 'நூருஸ்' என்று ஆம்பளை வாலோடு நிற்கும், எனக்குக் குருமடத்திலேயே அது உறுத்தியிருக்கிறது. இந்தத் தாய்மொழி பேசிய ஸ்லாவ்காரர்கள் பெண்ணுக்கு இது அடுக்காது என்று நினைத்தோ என்னவோ, கடைசியில் ஓர் 'ஆ' போட்டு அவளை மற்றப் பெண்பெயர்களின் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். சமஸ்கிருதக்காரர்களும் அதையே செய்தார்கள். வேர் எது என்று யாருக்கும் நிச்சயமில்லை. மகன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, கட்டுவது என்ற சொல்லிலிருந்து என்று இன்னொரு கட்சி. பேராசிரியர் இரண்டையும் எழுதி இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

கீழே கட்டத்தில் மருமகள், மருமகளின், மருமகளுக்கு என்று எல்லாம் வரிசையாக இருந்தது. கூப்பிடுகிற வேற்றுமை, ஒருமைக் கட்டம் மட்டும் காலி. அங்கே எங்கள் இரண்டு பெண்களும் 'ஸ்நுஹோ' என்று அடித்து வைத்திருந்தார்கள். மருமகளே என்று அர்த்தம்.

மேனேஜர் சுரேந்தர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை. இரண்டு பேரையும் ஒரு மாதம் ஸ்கேனிங் பிரிவுக்கு மாற்றி, ஃபைலில் காப்பி என்று ஒரு வரி எழுதி, பல்கலைக்கழகத்துக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பிவிடலாம் என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஃபைலில் அந்த வரி இருந்தால், நாளைக்கு ஆள் குறைக்கும்போது முதலில் போவது பூவம்மாள்தான். தவிர, அவள் காப்பியடிக்கவில்லை. பூவம்மாள் அந்த அட்டையைத் திங்கட்கிழமை அடித்தாள், லிபியா வியாழக்கிழமை. ஒருவர் கோப்பை மற்றவர் திறக்க வழியே கிடையாது, அந்தப் பூட்டைப் போட்டவன் நான்.

பூவம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அட்டையைக் காட்டினேன். கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து அவள் உண்மையிலேயே திகைத்தாள். தான் அடித்ததே தெரியாது என்றாள். அப்புறம் மெதுவாக விஷயம் வெளியே வந்தது. இடது சுண்டுவிரல் இல்லாததால் விசேஷ எழுத்துகளுக்கு அவள் கை அதிக தூரம் போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டையைப் பார்த்து, கீபோர்டைப் பார்த்து என்று போனால் நாளுக்கு இத்தனை அட்டை என்ற கணக்கு எட்டாது. அதனால் முதல் இரண்டு கட்டத்தைப் பார்ப்பாள். மிச்சத்தைப் பார்க்காமலே அடித்துவிட்டு, கடைசியில் ஒரு முறை சரிபார்ப்பாள். சேர்ந்த ஆறாவது மாதத்திலிருந்தே இப்படித்தானாம்.

"மொத ரெண்டு பாத்தா போதுங்க சார், மீதி தானா வந்துரும். வூட்டுக்குன்னு நம்ம சொல்றத எங்க வூட்ல இண்டிகிம்பாங்க, பக்கத்து வூட்ல மனெகெம்பாங்க. அது மாதிரிதான். ஆன்னு முடிஞ்சா கூப்புடறப்ப ஓ. ஹ வந்தா, அவளுக்குன்னு சொல்றப்ப ச ஆயிரும். ஆம்பளப் பேரு வேற வழியில போவும். நம்ம என்னா படிச்சா தெரிஞ்சிக்கிட்டோம்?"

ஹகரம் அந்த இடத்தில் சகரமாகத் திரிவதைப் பேராசிரியர்கள் ஒரு விதியாக எழுதிவைத்து, அதற்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள். அதை இவள் பாகலூர் சாலையில் உட்கார்ந்துகொண்டு, யாரும் சொல்லித்தராமல், கை வலி குறைவதற்காகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். லிபியாவைக் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள், ஆர்கன் வாசிக்கும்போது அடுத்த சுரத்துக்குக் கை முன்னாலேயே போய்விடுகிற மாதிரி என்று. இருவரும் இதைப்பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதுகூட இல்லை. நான் நான்கு வருடம் மனப்பாடம் பண்ணி, அடி வாங்கி, கடைசியில் நூருஸைக்கூட ஒழுங்காக வேற்றுமைப்படுத்திச் சொல்லத் தெரியாமல் வெளியே வந்தவன். பொறாமை வந்தது என்பதை மறைக்கவில்லை. பொறாமைக்குப் பின்னாலேயே பெருமையும் வந்தது. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

இதை நிரூபிக்கலாம் என்று பூவம்மாளிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள்.

"வுட்டுருங்க சார். காப்பியடிச்சேன்னே இருந்துட்டு போவுது. ஒரு மாசம் ஸ்கேனிங்ல நின்னுட்டு வந்துர்றேன்."

செய்யாத தப்பை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும், உனக்கு மானம் இல்லையா என்று அவளைத் திட்டினேன். மானத்தைப் பற்றி அவளிடம் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சுரேந்தரிடம் போய் வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைத்தேன். மருமகள் சொல்லைப்பற்றிப் பேராசிரியர் போட்ட இரண்டு கேள்விக்குறிகளையும் பூவம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். மகனோடு சேர்த்துக் கட்டிப்போட்டவள், இதில் குழப்பம் எங்கே இருக்கிறது, இரண்டும் சரிதானே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை மதியம் வீடியோ கால். அந்தப் பக்கம் ஹெலெனா என்று ஓர் அம்மாள், பேராசிரியரின் மாணவி, இப்போது அட்டைகளுக்கெல்லாம் பொறுப்பு. நரைத்த முடி, அன்பான முகம். நான் திட்டத்தைச் சொன்னேன்: எங்களுக்கு இன்னும் அனுப்பாத பெட்டியிலிருந்து நீங்களே ஒரு சொல் கொடுங்கள், முதல் இரண்டு கட்டம் மட்டும் சொல்லுங்கள், மீதிப் பத்தொன்பதை இவர்கள் எழுதுவார்கள். அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினார். பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். 'ப்லுஹா'. தெள்ளுப்பூச்சி.

பூவம்மாளைச் சாப்பாட்டு அறையிலும் லிபியாவைச் சுரேந்தர் அறையிலும் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். நாளெல்லாம் ஆயிரக்கணக்கான எழுத்து அடிக்கிற பூவம்மாள் பேனாவைப் பிடிக்கக் கூச்சப்பட்டாள். பதினோரு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு, துப்பட்டாவால் கையைத் துடைத்துக்கொண்டாள். லிபியாவுக்குப் பதினாறு நிமிடம்.

தாள்களைக் கேமராவுக்குக் காட்டினேன். ஹெலெனா தன் அட்டையோடு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டார். லிபியா இருமையில் ஒன்றைத் தவறவிட்டிருந்தாள். காப்பி இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பூவம்மாள் எழுதியதில் ஒரு பிசகும் இல்லை. தெள்ளுப்பூச்சியே என்று கூப்பிடுவதுவரை எழுதியிருந்தாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். தன்னிடம் பட்டம் படிக்க வருகிறவர்கள் இதற்கு இரண்டு வருடம் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். தன் ஆசிரியர் உயிரோடு இருந்திருந்தால் விமானம் ஏறி இந்த இரண்டு பெண்களைப் பார்க்க வந்திருப்பார் என்றார். கைதட்டினார். நான் அதைத் தமிழில் பூவம்மாளுக்குச் சொன்னபோது அவளுக்கு முகமெல்லாம் சிவந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று அந்த நிமிடம் நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஹெலெனா சாதாரணமாக ஒன்று கேட்டார். இவர்களுக்கு இது எப்போதிருந்து தெரியும் என்று.

நான் பூவம்மாளிடம் கேட்கவே இல்லை. நானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மூன்று வருடமாகத் தெரியும், ஆரம்பித்த ஆறாவது மாதத்திலேயே பிடித்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அம்மாளின் முகத்தில் இருந்த சந்தோஷம் போகவில்லை, ஆனால் அதன்மேல் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. மிகவும் நன்றி, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போனார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பூவம்மாள் மாடிப்படியில் நின்று முனிவேலுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். லிபியா எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிவந்தாள். சுரேந்தர் மட்டும் தன் அறையில் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீளமான, மரியாதையான கடிதம். காப்பிக் குற்றச்சாட்டை முழுமையாகத் திரும்பப் பெறுவதாகவும், அந்த இரு பெண்மணிகளிடமும் தன் மன்னிப்பைத் தெரிவிக்கும்படியும் முதல் பத்தியில் எழுதியிருந்தார். இரண்டாம் பத்தியில் தன் ஆசிரியரைப் பற்றி எழுதியிருந்தார். அவர் உறுதியாக நம்பியதை மட்டும்தான் எழுதுவார்; சந்தேகம் இருந்தால், விதிப்படி என்ன வரும் என்று பள்ளிப்பிள்ளைக்குத் தெரிந்தாலும் கட்டத்தைக் காலியாக விடுவார். மருமகளை அந்தக் காலத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்களா என்பதற்கு அவருக்குத் தடயம் கிடைத்திருக்காது, அதனால் விட்டிருப்பார். அவர் விட்ட காலிக் கட்டங்களை வைத்துத்தான் அங்கே இரண்டு மாணவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். மூன்று வருடமாக விதி தெரிந்த இரண்டு பேர் பத்தொன்பதாயிரம் அட்டைகளை அடித்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனை காலிக் கட்டங்கள் நிரம்பிவிட்டன, எத்தனை எழுத்துப்பிழைகள் தானாகத் திருந்திவிட்டன என்று கண்டுபிடிக்க வழியில்லை. இருவரும் ஒரே மாதிரி திருத்தியிருப்பதால் கணினியும் காட்டாது. ஆகவே அத்தனையையும் மொழி தெரியாத வேறு ஆட்களை வைத்து மறுபடி அடிக்க வேண்டும். அந்த இருவரும் இனி இந்த அட்டைகளைத் தொடக்கூடாது. உங்கள் ஊழியர்களின் அபாரமான திறமைக்கு என் வணக்கம் என்று முடித்திருந்தார்.

சுரேந்தர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். ஸ்கேனிங்கிலாவது வைத்துக்கொள்ளலாமே என்றேன். அதே அட்டைகளைத்தான் ஸ்கேனிங்கிலும் தொட வேண்டும் என்றார். வேறு வேலை கம்பெனியில் இல்லை என்பது எனக்கே தெரியும்.

"யேசு சார், காப்பின்னு வுட்டுருந்தா ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் அடிச்சாங்கன்னு நீங்கதானே ப்ரூவ் பண்ணுனீங்க. இப்ப நான் யார்கிட்ட போயி தெரியாதுன்னு சொல்லட்டும்?"

மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நான் போட்டது இன்னொருத்தி தலையில். மாதக் கடைசியில் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். லிபியாவுக்குக் கோயில்காரர்கள் வழியாக ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இடம் கிடைத்தது. பூவம்மாள் டிபன் பாக்ஸையும் நாற்காலியில் போட்டிருந்த குஷனையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று வாசலில் நின்றேன். வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

அவள் பெங்களூர் எல்லை தாண்டி, எங்களைப் போலவே பார்த்து அடிக்கிற இரண்டு இடத்தில் வேலை கேட்டிருக்கிறாள். எங்கள் அனுபவச் சான்றிதழில் விலகிய காரணம் என்ற இடத்தில், மூலமொழி அறிவு காரணமாக என்று சட்டப்படி எழுதியிருந்தோம். முதல் இடத்தில் எந்த மொழி என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். அதை யார் பேசுவார்கள் என்று கேட்டார்கள். யாரும் பேச மாட்டார்கள் என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் இடத்தில் காகிதத்தை மட்டும் படித்துவிட்டு, மொழி தெரிந்தவர்களை எடுப்பதில்லை என்றார்கள்.

மறுபடி அடிப்பதற்கென்று இங்கே பதினெட்டுப் பெண்களைப் புதிதாக எடுத்தோம். என் வேலை கொஞ்சம் மாறிவிட்டது. ஓர் அட்டையை அப்படியே ஒருத்திக்குக் கொடுப்பதில்லை. இருபத்தொரு கட்டங்களையும் கணினியில் தனித்தனியாக வெட்டி, வேறு வேறு சொற்களின் துண்டுகளோடு கலைத்துப்போட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்புகிறேன். ஒருத்தி கண்ணில் ஒரே சொல்லின் இரண்டு கட்டம் ஒரு வாரத்துக்குள் படக்கூடாது. யாரும் எதையும் கற்றுக்கொண்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இப்போது எனக்குச் சம்பளம். சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தப் பெண்கள் சிரித்துப் பேசினால், எதைப்பற்றிப் பேசுகிறார்கள் என்று காதைக் கொடுக்கிறேன். இந்தப் பிழைப்புக்கு என்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பூவம்மாள் வீட்டுக்குப் போனேன். கெலவரப்பள்ளி வாய்க்காலில் அன்றைக்கும் பெங்களூர்க் கழிவு நுரையாகப் பொங்கிக்கொண்டு கிடந்தது. முனிவேல் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் ரோஜாப் பண்ணையில் இருக்கிறாள், ஞாயிறும் லீவு கிடையாது, வந்துவிடுவாள் என்றார். பாலிதீன் கூடாரத்துக்குள் ஏற்றுமதி ரோஜா வளர்க்கிற பண்ணை அது. அங்கே அவளுக்குத் தண்டில் முள் நீக்கிக் கட்டுக்கட்டும் வேலை, ஆள் வேண்டும்போது மட்டும் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு கட்டுப் போடுகிற நேரத்தில் அவள் ஒரு கட்டுதான் போட முடிகிறது, பூ சீசன் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள் என்று அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்மேல் கோபமா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் வந்தாள். கையெல்லாம் முள் கீறிய கோடு. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதற்கு சார் என்றாள். நல்லதுக்குத்தான் செய்தீர்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பண்ணையில் முள் சீவும்போது கை வேலையில் இருந்தாலும் மனசு சும்மா இருப்பதில்லை, பார்க்கிற பேரையெல்லாம் ஏழு வேற்றுமையாக வளைத்துப் பார்க்கிறது, நிறுத்த முடியவில்லை என்றாள். நல்ல விஷயம்தானே என்று நான் ஏதோ உளறினேன்.

அவள் காப்பித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இதைக் கேட்டாள்:

"மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்தா திரும்ப எடுத்துக்குவாங்களா சார்?"

நடக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பையிலிருந்து தாளை எடுத்து, அங்கேயே அவளுக்காக நானே எழுதினேன். மேற்படி மொழியின் சொற்களையும் அவற்றின் வேற்றுமைகளையும் நான் முழுவதுமாக மறந்துவிட்டேன், இனி பார்த்ததை மட்டும் அடிப்பேன், என்னை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மு. பூவம்மாள் என்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் அதைச் சுரேந்தரிடம் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தார், மடித்து மேஜைமேல் வைத்தார், பிறகு இதை எப்படிச் சோதிப்பது என்று என்னைக் கேட்டார்.